சாவி என்று கூப்பிட்டார்கள்

புல் வெட்டுவதற்கு நல்ல நாள் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பூவோடு வருகிறவர்களுக்குப் பாதை சுத்தமாக இருக்கும், வெட்டிய புல்லின் வாசனையும் மிச்சமிருக்கும். இருபத்தாறு வருஷமாக நான் சனிக்கிழமைதான் வெட்டியிருக்கிறேன். அந்த ஒரு வாரம் மட்டும் ஏன் திங்கட்கிழமை வெட்டினாய் என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி ஐயா. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும். அவசரம் இல்லையென்றால் நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிறவருக்கும் கை வலிக்காது.

நான் நகராட்சிக் கல்லறைத் தோட்டத்தின் காவலாளி. பேர்தான் காவலாளி, வேலை எல்லாமும். கேட்டைத் திறக்க வேண்டும், பூட்ட வேண்டும், குழி தோண்டுகிறவரை வரவழைக்க வேண்டும், அடக்கம் முடிந்ததும் பதிவேட்டில் வரிசை எண், குழி எண், தேதி எழுத வேண்டும், குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் நகராட்சி ஆபீஸுக்கு நடக்க வேண்டும். கேட்டை ஒட்டி எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு அறை வீடு. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். கல்லறைக்குள்ளேயே குடியிருக்கிறாயே, பயமாக இல்லையா என்று கேட்பார்கள். அங்கே படுத்திருக்கிறவர்களால் எனக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை. வந்ததெல்லாம் நடமாடுகிறவர்களால்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய பதிவேட்டைக் கரையான் அரிக்க ஆரம்பித்தது. யாரும் சொல்லவில்லை, நானாகவே ஒரு புது நோட்டு வாங்கி அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். தினம் இரண்டு பக்கம். அப்படி எழுதும்போது ஒரு பேர் வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நம் எல்லோருக்கும் தெரிந்த பேர். அவர் பாட்டைப் பாடிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குப் போவோம். ஓடக்காரன் பாட்டு தெரியாதவர் யார். எழுதி நூற்றைம்பது வருஷம் இருக்கும். பிள்ளையைத் தூங்கவைக்கிறவர்களும் பாடுகிறார்கள், குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் பாடுகிறார்கள். அவரை எங்கே புதைத்தார்கள் என்று யாருக்குமே தெரியாது என்றுதான் பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. பதினான்காம் வரிசை, ஆறாம் குழி.

அந்த வரிசை முழுக்க முட்புதர். மூன்று நாள் வெட்டினேன். கை இரண்டும் கிழிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். கல் குப்புற விழுந்து கிடந்தது. குழி தோண்டுகிறவரும் நானும் கடப்பாரை போட்டுத் திருப்பினோம். வெறும் பாசி. தேங்காய் நாரால் தேய்த்து, சாக்பீஸைப் பொடி செய்து தண்ணீரில் குழைத்துப் பூசி, துணியால் மேலாகத் துடைத்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது. அந்த நிமிஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் ஐயா. இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். 'தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது. உரிய பிரிவு எது என்று கேட்டு மூன்றாவது கடிதம் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அப்போதுதான் அவர் வந்தார். ஓய்வு பெற்ற இசை ஆசிரியர். பிறகு விழாக் கமிட்டிக்குச் செயலாளரானார், எல்லோரும் செயலாளர் என்றே கூப்பிட்டார்கள். ஒரு சித்தியின் அடக்கத்துக்கு வந்திருந்தார். நல்ல மனுஷன் போலத் தெரிந்தது, நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கல்லைப் படித்தார். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஓடக்காரன் பாட்டை மெதுவாகப் பாடினார். அவர் அழுதார். நானும் அழுதேன் என்பதை மறைக்கவில்லை. "இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா உனக்கு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரியும் சார் என்றேன்.

அடுத்த மாதம் பேப்பரில் வந்தது. இசை ஆசிரியரின் அரிய கண்டுபிடிப்பு. படத்தில் அவர் கல்மேல் கை வைத்து நிற்கிறார். படத்தின் ஓரத்தில் ஒரு வாளியும் ஒரு முழங்கையும் தெரியும். முழங்கை என்னுடையது.

அவர் வந்தபோது கேட்டேன். சண்டையாக இல்லை, சும்மா கேட்டேன். "அட, நான் சொன்னேன்ப்பா, நிருபர் வெட்டிட்டான். விடு, அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்" என்றார். சிரித்தார். அவர் சிரித்தால் எதிரே இருக்கிறவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அப்படி ஒரு முகம்.

பிறகு விழா வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, பாட்டுக்காரர் இறந்த நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை. கல்லறைக்குப் பக்கத்திலேயே மேடை போட்டு, மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை ஊர் ஜனம் கூடிப் பாடும். தபால்காரர் பாடுவார், தையற்கடை அக்கா பாடுவாள், நர்ஸுகள் சேர்ந்து ஒரு குழு, பஸ் டிரைவர்கள் ஒரு குழு. எல்லாம் அந்த ஒரு மனிதர் எழுதிய பாட்டுகள்தான். நல்ல விழா. நான் இல்லையென்று சொல்லவில்லை.

முதல் வருஷம் என் மைத்துனரைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தேன். என் பேரை மைக்கில் சொல்வார்கள் என்று என் மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள். கடைசியில் செயலாளர் நன்றி சொன்னார். பந்தல் போட்டவருக்கு, மைக் செட் வைத்தவருக்கு, டீ கொடுத்தவருக்கு, கரண்டு ஆபீஸுக்கு, மழை பெய்யாமல் இருந்த வானத்துக்கு. வானத்துக்குக்கூட. அதோடு முடிந்தது. "மாப்ளே, உங்க பேரைக் காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு போல" என்றார் மைத்துனர். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவர் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

செயலாளரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, மறந்தே போச்சே. அடுத்த வருஷம் முதல் பேர் உன் பேர்தான்."

அடுத்த வருஷம்தான் எனக்குச் சாவி என்று பேர் வைத்தார். எது வேண்டுமென்றாலும் என்னிடம்தானே சாவி. கேட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, தண்ணீர் மோட்டார் சாவி. "சாவு இருக்கிற இடத்துல சாவி இருக்கணும்ல" என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் சாவி. டீக்காரர் சாவி என்றார், நகராட்சி எழுத்தர் சாவி என்றார். என்னை மரியாதையாக அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த குழி தோண்டுகிறவரும் ஒரு நாள் வாய் தவறிச் சாவி என்றார். அவர்மேல் கோபமில்லை.

அந்த வருஷமே நிலவறையையும் கேட்டார். அது ஒரு பழைய பணக்காரக் குடும்பத்தின் அடக்க அறை. ஒன்பது படி இறங்கினால் கல் கட்டிய அறை, சுவருக்குள் பெட்டிகளை வைத்துப் பூசியிருப்பார்கள். உள்ளே ஒரு மரக்கதவு, வெளியே ஓர் இரும்புக்கதவு. கூரையை ஒட்டிக் கையகலத்துக்குக் கம்பி போட்ட ஒரு காற்றுத் துவாரம். அந்தக் குடும்பத்தில் இப்போது யாரும் இல்லை. விழா நாற்காலிகளையும் பேனரையும் அங்கே வைத்துக்கொள்கிறோம் என்றார். அது தப்பு சார், அது அவங்க வீடு என்றேன். "அவங்க நாற்காலி கேக்க மாட்டாங்க சாவி" என்றார். நகராட்சியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு மூன்று கடிதத்துக்குப் பதில் வராத அதே ஆபீஸ், அவருக்கு ஒரே மதியத்தில் கையெழுத்துப் போட்டது.

நான் பேருக்கு அலைகிறவன் இல்லை. அது உங்களுக்குப் புரிய வேண்டும். என் மனைவிதான் விடவில்லை. நாலாவது வருஷம் ஒரு காகிதத்தில் என் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்து, இதை அவர் கையில் கொடுங்கள், பார்த்துப் படிக்கட்டும் என்றாள். கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டார். "பத்திரமா இருக்கு." நான் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் பேச ஆரம்பித்தார். மைக் ஸ்டாண்டு ஒரு பக்கமாக ஆடிக்கொண்டே இருந்தது. பேச்சை நிறுத்தாமலே பையில் கைவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்தார், நாலாக மடித்தார், குனிந்து ஸ்டாண்டின் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. விழா முடியும்வரை அது அங்கேயே இருந்தது. பிறகு நான் பெருக்கும்போது எடுத்தேன். மனைவியிடம், படிச்சார், கூட்டச் சத்தத்துல உனக்குக் கேக்கல என்று சொன்னேன். அடுத்த வருஷத்திலிருந்து விழா அன்று அவள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

ஏழாவது வருஷம் மைக்கில் கூப்பிட்டார். "சாவி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்." இஸ்திரி போட்ட சட்டையில்தான் இருந்தேன். கூட்டம் வழிவிட்டது. நடந்து போனேன், படி ஏறினேன். அவர் குனிந்து காதில், "பாட வந்தவங்க கார் கேட்டுல நிக்குது, கொஞ்சம் திறந்து விட்டுட்டு வந்துடு" என்றார். இறங்கிப் போய்த் திறந்துவிட்டேன்.

இதையெல்லாம் மனதில் வைத்திருந்து செய்தாயா என்று கேட்டீர்கள். மனதில் வைக்கவில்லை ஐயா. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். கல்லறையில் யார் எங்கே என்று ஞாபகம் வைத்திருப்பது என் வேலை. அது ஒரு பழக்கமாகிவிட்டது.

இந்த வருஷம் பதினோராவது விழா. அதற்கு முந்தின நாள் ஒரு கல் வந்தது. கறுப்புக் கல், துணியும் பேப்பரும் சுற்றி, கயிறு கட்டி. பாட்டுக்காரரின் கல்லறைக்கு முன்னால் நட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்றார்கள். நான்தான் சிமென்ட் குழைத்தேன். நான்தான் ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்தினேன். சுற்றியிருந்ததைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. உண்மையைச் சொன்னால், பிரிக்க எனக்குக் கை வரவில்லை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது, கல்லிலாவது இருக்கும் என்று ஒரு நினைப்பு. அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவியிடம், நாளைக்கு நீயும் வா என்றேன். "பார்க்கலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் துணியை எடுத்தார்கள். 'இக்கல்லறையைக் கண்டறிந்து உலகுக்கு அளித்தவர்' என்று ஒரு வரி. அடியில் அவர் பேர், பக்கத்தில் இசை ஆசிரியர் ஓய்வு என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சிமென்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, யாரும் சாய்ந்துவிடக் கூடாதே என்று கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அப்போது திரும்பிப் பார்த்தால் கூட்டத்தின் பின்னால் என் மனைவி நிற்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நாலு மணி இருக்கும், செயலாளர் வேகமாக வந்தார். "சாவி, படத்தை மறந்துட்டோம். நிலவறையில இருக்கு, வா வா." பாட்டுக்காரரின் முகம் யாருக்கும் தெரியாது, ஓர் ஓவியர் கற்பனையாக வரைந்து கொடுத்த படம் அது. கடைசிப் பாட்டுக்கு மேடையில் வைப்பார்கள். செயலாளர் தன் போனை வீடியோ எடுக்கிறவரிடம் கொடுத்திருந்தார். நாங்கள் இருவர் மட்டும் நடந்தோம். நிலவறை மேடையிலிருந்து தூரம், மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வருஷம் நாற்காலியையும் பந்தல்காரரே கொண்டுவந்துவிட்டதால் அந்தப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை.

நடக்கும்போது கேட்டார், "கல்லு எப்படி?"

"நல்லா இருக்கு சார்."

"ஆடவே இல்ல பார்த்தியா. உன் கைவேலைன்னா வேலைதான்."

"எழுத்தைப் படிச்சேன் சார்."

அவர் நின்றார். தோளில் கை போட்டார். "கமிட்டில எழுதினது சாவி. எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் வேற ஒண்ணு பண்ணுவோம், உனக்காக. என்ன?"

"சரி சார்."

கதவைத் திறந்தேன். அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். வயது அறுபத்தேழு, ஒவ்வொரு படியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மரக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. "இங்கதானே வெச்சோம்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். நான் இறங்கி மரக்கதவைச் சாத்திக் கொக்கி போட்டேன். மேலே வந்து இரும்புக்கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அப்போது என்ன நினைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒன்றும் நினைக்கவில்லை. இந்த ஒரு வருஷம் அவர் நன்றி சொல்லாமல் விழா முடியட்டும் என்றுதான். சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இந்த வருஷம் யாருமே என் பேரை விடப்போவதில்லை, ஏனென்றால் யாருமே எந்தப் பேரையும் சொல்லப்போவதில்லை.

அவர் தட்டியிருப்பார். கத்தியிருப்பார். ஆனால் கடைசிப் பாட்டு ஓடக்காரன் பாட்டு ஐயா. முந்நூறு பேர் எழுந்து நின்று பாடுவார்கள், ஆறு ஒலிபெருக்கி. அதில் எதுவும் கேட்காது. நானும் பாடினேன்.

செயலாளரைக் காணோம் என்று யாரும் பதறவில்லை. வெளியூர்ப் பாடகியை ஸ்டேஷனில் விடப் போயிருப்பார் என்றார் கமிட்டித் தலைவர். தலைவரே இரண்டு வார்த்தை நன்றி சொல்லி முடித்துவிட்டார். பந்தல்காரர்கள் கழற்றினார்கள், மைக் செட்காரர் வண்டியில் ஏற்றினார், கூட்டம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அந்தப் பக்கம் ஏதோ தட்டுற மாதிரி கேக்குதே" என்றாள்.

"கல் கொத்துறாங்க."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"அவசர வேலையாம்."

அவள் உள்ளே போய்விட்டாள். இதை அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்கு எதுவும் தெரியாது, அவளை இதில் இழுக்காதீர்கள்.

அப்போதே திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போனேன்கூட. காற்றுத் துவாரத்துப் பக்கம் நின்றால் குரல் மெல்லிசாக வந்தது. "சாவி, சாவி" என்றார். யோசித்துப் பாருங்கள். பூட்டின அறைக்குள்ளிருந்து ஒருவர் சாவி சாவி என்று கத்தினால் அது யாரைக் கூப்பிடுவது. சாவியையா, என்னையா. இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்ததே இல்லை. அதோடு, திறந்தால் என்ன ஆகும். அவர் சிரிப்பார். கமிட்டியில் சொல்லிச் சிரிப்பார். அடுத்த வருஷம் மைக்கில், நம்ம சாவி என்னையே பூட்டிட்டான் என்பார், முந்நூறு பேர் சிரிப்பார்கள், என் மைத்துனருக்கு இன்னொரு கதை கிடைக்கும். காலையில் தற்செயலாகத் திறந்ததுபோல் திறந்துகொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

காலையில் ஏழு மணிக்கே அவருடைய மனைவி வந்துவிட்டார், உங்கள் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. வீட்டு வாசலில் நின்று, "சாவி அண்ணன் வீடு இதுதானே?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி முழுக்க வரல அண்ணே. சக்கரைக்கு மாத்திரை போடணும், அதுவும் வீட்லயே கிடக்கு. உங்களைக் கேட்டாத் தெரியும்னு வந்தேன். உங்களுக்குத் தெரியாம அங்க ஒரு இலைகூட விழாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."

"நாலரை மணி வாக்குல கேட்டைத் தாண்டிப் போனாரும்மா. பார்த்தேன்."

"எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்."

இவ்வளவு தெளிவாக எனக்கு எப்படிப் பொய் வந்தது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. அவர் மனைவி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, நிலவறைக் கதவிலிருந்து எண்பது தப்படி. போய்த் திறந்திருக்கலாம்தான். ஆனால் போலீஸ் முன்னால் திறந்தால் என்ன சொல்வது. இரண்டு வருஷத்தில் ஓய்வு. அந்த வீடும் நகராட்சி வீடு. என் மனைவி எங்கே போவாள். ஒரு பொய் சொன்ன பிறகு கதவைத் திறப்பது அதற்கு முன்னால் திறப்பதுபோல் இல்லை ஐயா, அது வேறு காரியம்.

உங்கள் ஆள், உள்ளே ஒரு தடவை சுற்றிப் பார்க்கிறேன் என்றார். பாருங்கள் என்றேன். அதற்குள் நான் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தேன். நிலவறையைச் சுற்றித்தான் ஆரம்பித்தேன். பெட்ரோல் மோட்டார், பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. அவர் வந்து பூட்டை ஆட்டிப் பார்த்தார், சைகையில் என்ன இது என்றார். பழைய சமாதி என்று நானும் சைகையில் சொன்னேன். போய்விட்டார். மதியமும் வெட்டினேன். வெட்ட அங்கே புல்லே இல்லை, சனிக்கிழமைதான் வெட்டியிருந்தேன். வெறும் மண்மேல் ஓட்டினேன், தூசிதான் பறந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

புதன்கிழமை ஓர் அடக்கம் இருந்தது. ஒரு பள்ளிக்கூட ஆயா. நல்லபடியாக முடித்துக் கொடுத்தேன், பதிவேட்டில் எழுதினேன். வியாழக்கிழமை குழாய் ரிப்பேர். வெள்ளிக்கிழமை கமிட்டித் தலைவர் வந்தார். செயலாளர் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று ஒரு கூட்டம் போடுகிறார்களாம், நாற்காலி வேண்டும் என்றார். நான்தான் போய்த் திறந்துவிட்டேன். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கேட்டால் திறப்பது என் வேலை.

செயலாளர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றுத் துவாரத்துக்கு நேராக ஏறி நின்றிருக்கிறார். சரிந்து விழுந்திருக்கிறார். எப்போது என்று டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். பாட்டுக்காரரின் படத்தை மட்டும் சுவரில் சாய்த்து, பேனர் துணியால் மூடிப் பத்திரமாக வைத்திருந்தார். தலைவர் அதைப் பார்த்துத்தான் அழுதார்.

செவ்வாய்க்கிழமையை நான் தாண்டிவிட்டேன் என்று நீங்கள் கவனித்துவிட்டீர்கள். எழுதுகிறவரும் பேனாவை நிறுத்திவிட்டார். சரி.

நேற்று உங்களிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று. அது பொய். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நிலவறைப் பக்கம் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சாவி இடுப்பில்தான் இருந்தது. துவாரத்துக்குக் கீழே, நிழலில் உட்கார்ந்தேன். தூக்குச்சட்டியைத் திறந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"யாரு?" என்றார். தொண்டை வறண்டு, குரல் பாதிதான் வந்தது. நான் பதில் சொல்லவில்லை. பிறகு அவர் என் பேரைச் சொன்னார்.

சாவி என்று இல்லை. என் பேரை. அப்பா பேரின் முதலெழுத்தோடு, பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடுகிற மாதிரி முழுசாக. பதினோரு வருஷம் அவருக்கு என் பேர் தெரியாது என்றே நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது.

"நீதான்னு தெரியும்" என்றார். "தப்புதான். நீதான் கண்டுபிடிச்சே. நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்." பிறகு மேடையில் நிற்கிறவர்போலக் குரலைக் கூட்டப் பார்த்தார். "இந்தக் கல்லறையைக் கண்டுபிடிச்சவர்" என்று ஆரம்பித்து என் பேரைச் சொன்னார். இருமினார். திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். நல்ல உச்சரிப்பு, எவ்வளவானாலும் பாட்டு வாத்தியார். சோறு அப்படியே இருந்தது. நான் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் தண்ணீர் கேட்டார். பிறகு மறுபடி என் பேர். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. வெயில் சாய்கிற வரைக்கும் சொன்னார். வரவரச் சின்னதாகி, கடைசியில் என் பேரின் முதல் பாதி மட்டும் வந்தது.

சாவி கையில்தான் இருந்தது, ஒரு தடவை பூட்டு வரைக்கும் போனேன், அது உண்மை. ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள்.

கதவைத் திறந்திருந்தால் அவர் சொல்வதை நிறுத்தியிருப்பார்.